வேளாங்கண்ணி வழிநடை

தமிழில் 'நடை' என்னும் ஒரு சொல் பல பொருள் குறித்து வழங்கும். காலால் நடப்பது நடை. ஒருவன் ஒழுகும் ஒழுக்கம் நடை. புலவன் எழுதும் உரையின் போக்கும் நடை. 'ஆறு' என்பதும் அத்தகையதே. நீர் செல்லும் வழியும் ஆறு. மாந்தர் செல்லும் வழியும் ஆறு. அறத்தின் வழியும் ஆறு. நடப்பதையும் வாழ்வதையும் நம் முன்னோர் வெவ்வேறாகக் கருதிலர் போலும். பத்துப்பாட்டு என்னும் தொகையுள் சரிபாதியாகிய ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படையாக அமைந்திருத்தலும் இக்கருத்தை வலியுறுத்தும். பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையுற்று எதிர்வரும் மற்றொருவனைக் கண்டு, இவ்வழியே செல்க, இன்ன ஊரில் இன்னார் உண்பிப்பர், இறுதியில் இன்னானைக் காண்பாய் என்று வழிப்படுத்துவது ஆற்றுப்படை. வகுப்பறையில் உரையாசிரியர் துணைகொண்டு கற்ற அப்பாட்டுக்களைக் காலின் துணைகொண்டும் கற்கும் வாய்ப்பு, சென்ற ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர்த் திங்கள்களில் எமக்குக் கிட்டிற்று. மேடவாக்கத்திலிருந்து வேளாங்கண்ணிவரை, ஏறக்குறைய 300 கிலோமீட்டர், பத்து நாள் நடந்து சென்றோம். அந்நடையைப் பற்றிச் சில சொல்லப் புகுகின்றோம்.

வேளாங்கண்ணியை அறியாதார் தமிழ்நாட்டில் இலர். நாகப்பட்டினத்திற்குத் தெற்கே, கடற்கரையில், மணற்பரப்பின் மேல் எழுந்த திருத்தலம் அது. பால் கொண்டு சென்ற சிறுவனுக்கும், மோர் விற்ற முடவனாகிய ஏழைப் பிள்ளைக்கும் அன்னை மரியாள் காட்சியளித்தார் என்பதும், புயலில் அகப்பட்ட போர்த்துக்கீசிய மாலுமிகள் செப்டம்பர் 8 ஆம் நாள் அக்கரையில் உயிர்தப்பி ஏறி, நன்றிக்கடனாகச் சிற்றாலயம் எழுப்பினர் என்பதும் அத்தலத்தைப் பற்றி வழிவழி வரும் செய்திகள். 1962 இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் அருளப்பர் அவ்வாலயத்தைப் பேராலயமாக உயர்த்தினார். ஆண்டுதோறும் ஆகஸ்டு 29 ஆம் நாள் கொடியேறும். செப்டம்பர் 8 ஆம் நாள் அன்னையின் பிறந்தநாட் பெருவிழா. அவ்விழாவை நோக்கிச் சென்னையிலிருந்தும் அதன் புறநகர்களிலிருந்தும் காவியுடை அணிந்து, அன்னையின் சுரூபம் வைத்த சிறுதேரைத் தள்ளிக்கொண்டு, கூட்டங்கூட்டமாக மக்கள் நடந்து செல்வதைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எவரும் காணலாம்.

எம் குடும்பத்தார் சீர்திருத்தச் சபையினர். எம் தந்தையார் சிறிய சபை ஒன்றில் உபதேசியார். நேர்ச்சை, யாத்திரை, சுரூபம் என்னும் இவை எம் வீட்டு வழக்கில் இல்லாதவை. ஒரே ஆண்டவரை வணங்குவோராயினும், கத்தோலிக்க அயலாருக்கும் எமக்கும் சொற்களே வேறு. யாம் 'ஜெபம்' என்போம். அவர்கள் 'செபம்' என்பர். எமக்குப் போதகர், அவர்களுக்குப் பங்குத்தந்தை. எமக்கு ஆராதனை; அவர்களுக்குத் திருப்பலி. ஒரு தெருவில் எதிரெதிர் வீட்டில் வாழ்வோரிடையே இத்தனை சொல் வேற்றுமை வளர்ந்துள்ளமை மொழி பயில்வார்க்கு வியப்பையும், விசுவாசிகளுக்குச் சிறிது வருத்தத்தையும் தருவது.

இங்ஙனமிருக்க, யாம் புறப்பட்டதற்குக் காரணம் ஒரு மூதாட்டியார். எம் தெருமுனையில் இட்டிலிக் கடை வைத்திருப்பவர், வயது 68. எமக்கு ஆறு வயதாயிருக்கையில் அன்னையார் நான்கு திங்கள் நோயுற்றுக் கிடந்தார். அந்நாளில் காலையும் மாலையும் எமக்கு உணவூட்டிப் பள்ளிக்கு அனுப்பியவர் அவரே. அன்றுமுதல் அவரை 'ஆயா' என்றே அழைத்து வருகின்றோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் மகனுக்கு ஏழாம் மாதத்திலேயே பெண்மகவு பிறந்தது. எடை 1 கிலோ 100 கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அவ்வுயிர் பிழைத்தால், மூன்றாண்டு வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாகவும், மூன்றாம் ஆண்டில் குழந்தையின் உயரத்திற்கு மெழுகுவத்தி கொண்டுவந்து வைப்பதாகவும் ஆயா நேர்ந்துகொண்டார். குழந்தை பிழைத்தது. இரண்டு ஆண்டு அவர் நடந்து முடித்தார். மூன்றாம் ஆண்டில் முழங்கால் நோவு மிகுந்தது. மகனோ அயல்நாட்டில் வேலையில் இருந்தார். "கண்ணு, நீ கூட வந்தால் நான் போய்ச் சேர்ந்துவிடுவேன்" என்று எம்மிடம் கேட்டார்.

தந்தையாரிடம் இதனைத் தெரிவித்தபோது அவர் உடனே விடைகூறவில்லை. இரவு உணவிற்குப் பின், லுத்தர் பெருமகனார் 1520 இல் ஜெர்மானியப் பிரபுக்களுக்கு எழுதிய நூலைப் பற்றிப் பேசினார். மனைவி மக்கள் வீட்டில் வாட, ஒருவன் பொருளையெல்லாம் செலவிட்டு ரோமாபுரிக்கு யாத்திரை போவதைக் காட்டிலும், அவர்களைக் காப்பதே கடவுளுக்கு உகந்தது என்பது அந்நூலில் அவர் கண்டித்துரைத்த கருத்து. பின்னர்த் தந்தையார், "கால் நடந்தால் ஆன்மாவும் உடன் நடக்குமோ? நடக்கும் என்று உனக்குத் தோன்றினால் போய் வா. தோன்றாவிட்டாலும் அந்த அம்மாவைத் தனியே விடாதே, போய் வா" என்றார். அவ்வினாவை மூட்டையோடு மூட்டையாகச் சுமந்துகொண்டே புறப்பட்டோம்.

ஆகஸ்டு 28 ஆம் நாள் மாலை நான்கு மணிக்கு 32 பேர் கொண்ட எம் கூட்டம் மேடவாக்கத்திலிருந்து கிளம்பியது. அவர்களுள் ஒன்பதின்மர் இந்துக்கள். ஆட்டோ ஓட்டுவோர், கட்டடக் கொத்தனார், துணிக்கடைப் பணிப்பெண்கள், ஓய்வுபெற்ற அஞ்சற்காரர் ஒருவர் என்று பலதிறத்தாரும் இருந்தனர். முன்னே கொடி, அடுத்துச் சிறுதேர், பின்னே அரிசி, பாத்திரம், பாய், மருந்துப்பெட்டி ஏற்றிய தள்ளுவண்டி, கடைசியில் நடப்பவர் கையில் சிவப்பு விளக்கு. இரவில் லாரிகள் விரையும் சாலையில் அச்சிவப்பு விளக்கே கூட்டத்தின் உயிர்க்காவல். ஆதலின் அதனை இளைஞரும் விழிப்புடையாருமாகிய ஒருவரிடமே ஒப்படைப்பர். பெரும்பாக்கம் வழியாகச் சென்றோம். இடப்புறம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் மாலை வெயிலில் மின்னிற்று. 2022 இல் ராம்சார் நிலமாக அறிவிக்கப்பெற்ற அந்நிலத்தையும், அதனை நெருக்கிநின்ற அடுக்குமாடி வீடுகளையும் எத்துணையோ முறை பேருந்திலிருந்து கண்டிருக்கின்றோம். அவற்றினிடையே வீசும் காற்றின் மணம் நடப்பவருக்கே உரியது. சோழிங்கநல்லூரைக் கடந்து, அக்கரையில் கடற்கரைச் சாலையை அடைந்தோம். நள்ளிரவில் கோவளத்துக் கார்மேல் அன்னை ஆலயத்தருகே பாய் விரித்தோம்.

நடையின் ஒழுங்கு பின்வருமாறு. விடியற்காலம் மூன்று மணிக்கு எழுந்து நடந்து, ஒன்பது மணிக்குள் நிழல் தேடவேண்டும். மாலை நான்கு மணிக்கு மீண்டும் புறப்பட்டுப் பத்து மணிவரை நடக்கவேண்டும். பலர் செருப்பின்றி நடப்பர். அவர்கள் கையாளும் உபாயம் ஒன்று எம் கருத்தைக் கவர்ந்தது. தார்ச்சாலை வெயிலில் கொதிக்கும். ஆயின் அதன் ஓரத்தில் இழுத்த வெள்ளைக்கோடு அத்துணைச் சுடுவதில்லை. கருநிறம் வெம்மையை உட்கொள்ளும், வெண்ணிறம் திருப்பியனுப்பும் என்று பௌதிக நூல் கூறுவதை, எழுத்தறியாத மூதாட்டியர் உள்ளங்காலால் அறிந்து, நான்கு விரல் அகலமான அக்கோட்டின் மேல் ஒருவர்பின் ஒருவராக நடக்கின்றனர். தொலைவிலிருந்து நோக்கினால் வெள்ளை நூலிற் கோத்த காவி மணிகள்போல் அவ்வரிசை தோன்றும்.

மாமல்லபுரத்தையும் பாலாற்றையும் கடந்து மூன்றாம் நாள் கடப்பாக்கத்தை அடைந்தோம். அப்பகுதிக்கு இன்றும் இடைக்கழிநாடு என்பதே பெயர். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர் என்பதைத் தமிழ் மாணவர் அறிவர். பாணன் செல்லும் வழியில் அவர் முதலிற் காட்டும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலர் கருத்து. மறுநாள் அம்மரக்காணத்தின் உப்பளங்களினூடே நடக்கையில், வெண்குவியல்களின் மேல் விடியலொளி படர்ந்தது. நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணனுக்கு எயிற்பட்டினத்துப் பரதவர் சுட்ட மீன் தருவர். வேலூரில் எயினர் மகளிர் புளியிட்ட வெஞ்சோறு தருவர். ஆமூரில் உழவர் நண்டுக் கலவையோடு வெண்சோறு தருவர் என்பது அப்பாட்டின் செய்தி. புலவர் உணவை ஏன் இத்துணை விரிவாகப் பாடினார் என்று வகுப்பில் ஒரு தோழர் வினவியதுண்டு. 30 கிலோமீட்டர் நடந்து பசித்து ஓர் ஊரின் எல்லையில் நிற்பவன் அவ்வினாவை வினவான். எயிற்பட்டினத்துச் சாலையில் எமக்கும் உணவு கிடைத்தது. மீனவக் குடும்பம் ஒன்று மரத்தடியில் பெரிய அண்டாவில் எலுமிச்சைச் சோறு வைத்துக்கொண்டு, போவார் வருவாரையெல்லாம் அழைத்து இட்டது. 'எந்த ஊர், என்ன மதம்' என்று அவர்கள் கேட்கவில்லை. 'இன்னும் கொஞ்சம் போடட்டுமா' என்பது ஒன்றே கேட்டனர். பாட்டுடைத் தலைவன் மறைந்து ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாயின. வழிச்செல்வாருக்குச் சோறிடும் வழக்கம் அவ்வழியில் இன்னும் மறையவில்லை.

மேனாட்டிலும் இத்தகைய நெடுவழிகள் உள. அவற்றுள் தலைசிறந்தது ஸ்பெயின் தேசத்துச் சந்தியாகு வழி. பிரான்சு நாட்டெல்லையிலிருந்து மலைகளைக் கடந்து, ஏறக்குறைய 780 கிலோமீட்டர் நடந்து, கொம்போஸ்தேலா நகரில் அப்போஸ்தலராகிய யாக்கோபின் கல்லறை உள்ளதாகப் போற்றப்படும் பேராலயத்தை அடைவர். கடற்சிப்பி அவ்வழியினரின் அடையாளம். தங்குமிடந்தோறும் முத்திரை பெறுதற்கு ஒரு குறிப்பேடு உண்டு. நடந்தே செல்வோர் இறுதி 100 கிலோமீட்டரையேனும் நடந்திருந்தாற்றான் சான்றிதழ் பெறுவர். வழிமறந்து கிடந்த அப்பாதையில் 1984 இல் எலியாஸ் வாலிஞா என்னும் பங்குத்தந்தை மஞ்சள் வண்ணத்தால் அம்புக்குறி இடத் தொடங்கினார்; இன்று உலகின் பல பாகத்தினரும் அவ்வம்புகளை நோக்கி நடக்கின்றனர். 'சந்தியாகு' என்னும் பெயர் நமக்குப் புதிதன்று. யாக்கோபைக் குறிக்கும் அவ்வைரோப்பியச் சொல்லே போர்த்துக்கீசியர் வழியாக வந்து நம் ஊர்களில் சந்தியாகுவாகவும் சந்தியாகப்பராகவும் வழங்குகின்றது; தங்கச்சிமடத்தருகே வேர்க்காட்டில் அவர் பெயரால் ஆலயமும் உண்டு. வேளாங்கண்ணி வழியில் அம்புக்குறி இல்லை. முத்திரையும் சான்றிதழும் இல்லை. முன்னே செல்லும் காவியுடையே அம்பு. காலிற் பூத்த கொப்புளமே முத்திரை.

குறையும் கூறவேண்டும். தண்ணீரும் மோரும் தருவோர் பிளாஸ்டிக் குவளைகளில் தருகின்றனர். குடித்தோர் சாலையோரத்திலேயே அவற்றை எறிகின்றனர். கல் தொலைவிற்கு அவை வெண்பூப்போல் சிதறிக் கிடந்ததைக் கண்டோம். இளைஞர் சிலர் யாத்திரையைக் களியாட்டமாகக் கொண்டு நள்ளிரவில் பாட்டொலி எழுப்பி, உறங்கும் ஊரை எழுப்புகின்றனர். வீட்டுச் செலவிற்கு வைத்திருந்த பணத்தை வழிச்செலவிற்கு எடுத்து வந்ததாக ஒருவர் சொல்லவும் கேட்டோம். அப்போது லுத்தரின் சொல் எம் நினைவிற்கு வந்தது. ஐந்நூறு ஆண்டாகியும் அச்சொல்லுக்கு வேலை இருக்கவே இருக்கின்றது.

ஆயின் இவ்வாறானோர் சிலரே. புதுச்சேரியையும் கடலூரையும் நோக்கி நடந்த இரவுகளில், நடையோடு நடையாக ஒவ்வொருவரும் தத்தம் காரணத்தைக் கூறினர். பகலில் அருகமர்ந்து கேட்டாலும் சொல்லாதவற்றை, இருளில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் நடக்கையில் மாந்தர் எளிதிற் சொல்கின்றனர். கொத்தனார் குடியை விட்டு ஓராண்டாயிற்று. அதற்கு நன்றியாக வந்தார். துணிக்கடைப் பெண் ஒருத்தி, கால் ஊனமுற்ற தம்பிக்காக வந்தாள். அஞ்சற்காரர் தமக்கு ஒரு வேண்டுதலும் இல்லை என்றார்: "முப்பத்தைந்து வருஷம் மற்றவர் கடிதத்தைச் சுமந்து நடந்தேன், தம்பி, ஒருமுறை எனக்காக நடந்து பார்க்கலாம் என்று வந்தேன்." முப்பத்திருவரில், தமக்கு ஒரு பொருள் வேண்டும் என்று நடந்தவரைக் காட்டிலும் பிறர்பொருட்டு நடந்தவரே மிகுதியாயிருந்தனர்.

ஆயா தம் மெழுகுவத்தியை வண்டியில் ஏற்ற உடன்படவில்லை. குழந்தையின் உயரத்திற்கு அளந்து வார்த்த 90 சென்டிமீட்டர் மெழுகுவத்தியை வெள்ளைத் துணியிற் சுற்றித் தோளில் சாய்த்தே நடந்தார். "பிள்ளையைத் தள்ளுவண்டியில் போடுவார்களா?" என்பார். யாம் அவர் மூட்டையையும் தண்ணீர்க் குடுவையையும் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தோம். தென்பெண்ணை, கெடிலம் ஆகிய இரண்டையும் அவர் நடந்தே கடந்தார். வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் இருமுறை உட்கார்ந்தார். ஏழாம் நாள் சிதம்பரத்தை அடைந்தபொழுது அவர் வலமுழங்கால் பனங்காய்போல் வீங்கியிருந்தது. மருத்துவர் பார்த்துவிட்டு, இனி ஒரு நாள் நடந்தாலும் பிறகு எழுந்து நிற்பதே அரிது என்றார். ஆயாவின் மகள் செய்தி அறிந்து அன்றிரவே பேருந்தில் வந்து சேர்ந்தார்.

பேருந்தில் வேளாங்கண்ணிக்கே அழைத்துச் செல்வதாக மகள் கூறினார். ஆயா இசையவில்லை. "நடந்து வருகிறேன் என்றுதான் சொன்னேன், பஸ்ஸில் போய் எந்த முகத்தோடு நிற்பேன்?" என்று நெடுநேரம் சுவரை நோக்கிப் படுத்திருந்தார். கூட்டத்தார் பலர் தேற்றினர். அவர் எவருக்கும் விடை கூறவில்லை. விடியற்காலம் எம்மை அழைத்து, துணியோடு மெழுகுவத்தியை எம் கையில் வைத்தார். "நீ நடந்து போய் வை, கண்ணு. உன் கால் என் கால்தான், உனக்கு நான் சோறு போட்டிருக்கிறேன்" என்றார். "யாம் வேதம் வேறாயிற்றே, ஆயா, அங்கு எப்படி வேண்டுவதென்று எமக்குத் தெரியாதே" என்றோம். "வேண்ட வேண்டியதை நான் வேண்டிவிட்டேன். நீ கொண்டுபோய் வைத்தால் போதும்" என்று கூறி, மகள் தோளைப் பற்றிக்கொண்டு எழுந்தார்.

இனி ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அதுவரை துணையாக நடந்த யாம் அன்றுமுதல் சுமப்பவராயினோம். ஒரு கிலோ எடைகூட இல்லாத அப்பொருள் எத்துணைக் கவலை தந்தது என்பதை எண்ணினால் இப்பொழுதும் வியப்பாயிருக்கின்றது. கொள்ளிடத்தைக் கடந்த பின் வெயில் ஏறிற்று. மெழுகு இளகி, நடுவில் வளையத் தொடங்கிற்று. ஈரத்துணி சுற்றினோம், துணி நொடியிற் காய்ந்தது. சீர்காழிக்கு அண்மையில் வயலோரம் நின்ற உழவர் ஒருவர் இதனைக் கண்டு, ஒன்றும் கேளாமல், வாழைமரத்தில் பட்டை உரித்து வந்து, அதனுள் மெழுகுவத்தியைப் படுக்கவைத்து நாரால் கட்டிக்கொடுத்தார். பட்டையின் குளிர்ச்சியில் அது மீண்டும் இறுகிற்று. பூவை வாடாது காக்க அறிந்த கைகளுக்கு மெழுகைக் காப்பதும் எளிதாயிற்று.

எட்டாம் நாள் மாலை தரங்கம்பாடியை அடைந்தோம். அவ்வூர் எம் சபையாருக்கு முதலூர். 1706 ஆம் ஆண்டு ஜூலை 9 ஆம் நாள் சீகன்பால்கும் புளூட்சோவும் கப்பலிலிருந்து இறங்கியது அக்கரையிலேயே. தமிழில் புதிய ஏற்பாடு 1715 இல் அச்சாகி முற்றுப்பெற்றதும் அவ்வூரிலேயே. 1718 இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில், மறு ஆண்டே சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டார். கூட்டத்தார் ஓய்வு கொண்டிருக்க, யாம் மட்டும் அவ்வாலயத்திற்குச் சென்றோம். வாயிலில் நின்றபொழுது தோளிலிருந்த பொருள் உறுத்திற்று: லுத்தரின் வழிவந்தவர் கட்டிய ஆலயத்துள், வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்த மெழுகுவத்தியோடு புகலாமோ? வெளியே வைத்துச் செல்வதற்கும் மனம் வரவில்லை. கோயிற்பிள்ளையாகிய முதியவர் ஒருவர் எம்மைக் கண்டு, "யாருக்குத் தம்பி இது?" என்றார். "ஒரு குழந்தைக்கு, ஐயா" என்றோம். "உள்ளே கொண்டு வா. தரையில் படுக்க வை. இங்கே வெயில் படாது" என்றார். அவ்வளவே. யாம் உள்ளிருந்து ஜெபித்து எழும்வரை, சீகன்பால்கின் கல்லறையிருக்கும் அவ்வாலயத்தின் குளிர்ந்த தரையில் அது கிடந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்த போதகரின் ஊருக்கும், மாலுமிகள் கரையேறியதாகக் கூறும் அன்னையின் ஊருக்கும் இடையே ஒன்றரை நாள் நடைத்தொலைவுதான். இடையே நாகூர். அங்கும் கடலோடிகளும் நோயாளிகளும் எம்மதத்தினராயினும் நாடிச் செல்லும் தர்கா வானளாவி நிற்கின்றது. தர்காவின் அருகே கடை வைத்திருந்த இசுலாமியப் பெரியவர் எம் கூட்டம் முழுவதற்கும் தேநீர் தந்து காசு வாங்க மறுத்தார். நாகப்பட்டினத்தில் 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையைப் பற்றி எம்மோடு நடந்த மூத்தோர் பேசினர். அம்மாவட்டத்தில் மட்டும் 6000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற யாத்திரிகரும் அவருள் அடங்குவர். வேண்டியவர் எல்லோரும் காக்கப்படவில்லை என்பதை அவ்வழி நடப்பவர் அறிவர், அறிந்தும் நடக்கின்றனர். அவ்விரவு எவரும் பாடவில்லை.

செப்டம்பர் 6 ஆம் நாள் காலை வெண்ணிறக் கோபுரங்கள் தோன்றின. 'மரியே வாழ்க' என்னும் ஒலி முன்னிருந்தோர் வாயிலிருந்து பின்னோக்கிப் பரவிற்று. ஆயிரக்கணக்கானோர் நெருங்கிய வரிசையில் மூன்று மணிநேரம் நின்றோம். உள்ளே சென்றதும் வாழைப்பட்டையை நீக்கினோம். மெழுகுவத்தி நடுவே சிறிது வளைந்திருந்தது, முறியவில்லை. காணிக்கை வைக்கும் இடத்தில் அதனை வைத்தோம். குட்டையும் நெட்டையுமாக நூற்றுக்கணக்கான மெழுகுவத்திகள் அங்கிருந்தன; ஒவ்வொன்றும் ஒரு குழந்தையின் அளவோ, ஒரு நோயாளியின் அளவோ ஆகும். கண்ணிமைக்கும் பொழுதில் மற்றவற்றோடு கலந்து, எது எம்முடையது என்று எமக்கே தெரியாதாயிற்று. எம் வழக்கப்படி கண்மூடி நின்று, இயேசுபெருமானை நோக்கி அக்குழந்தைக்காகவும் ஆயாவின் முழங்காலுக்காகவும் ஜெபித்தோம். தோள் வெறுமையாயிருந்தது, அவ்வெறுமை சிறிது நேரம் துயரம்போலவே இருந்தது.

வெளியே வந்து கைப்பேசியில் ஆயாவை அழைத்தோம். "சேர்ந்ததா?" என்றார். "சேர்ந்தது, ஆயா." சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பின்னர், "சாப்பிட்டாயா?" என்றார்.

தந்தையாரின் வினாவுக்கு வருவோம். கால் நடந்தால் ஆன்மாவும் உடன் நடக்குமோ? நடந்தே தீரும் என்று கூறோம். குவளை எறிந்து கூத்தாடி நடந்தவருக்கு அது நடந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் நற்செய்தியில் நால்வர் சுமந்து வந்த திமிர்வாதக்காரனை நினைக்கின்றோம். அவனால் நடக்க இயலவில்லை, நடந்தவர் பிறர். கூரையைப் பிரித்து அவனை இறக்கியபொழுது, இயேசுபெருமான் அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டருளினார் என்று சுவிசேஷகர் கூறுகின்றார். ஒருவருடைய விசுவாசத்தை மற்றவர் கால்கள் சுமந்து செல்லலாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? சபைகளுக்கிடையே உள்ள கொள்கை வேற்றுமைகளைத் தீர்க்கும் ஆற்றல் எமக்கு இல்லை. அவற்றைத் தீர்க்கவும் யாம் நடக்கவில்லை. ஒருத்தியின் வாக்கு நிறைவேற வேண்டும் என்று நடந்தோம். அந்த 90 கிலோமீட்டரில் எம்மைப் பற்றி எண்ண எமக்கு நேரமே இருக்கவில்லை. ஆன்மா நடப்பதென்பது ஒருவேளை அதுவாகவே இருக்கலாம்.

சீர்திருத்தச் சபையாராகிய நாம் யாத்திரையை முற்றும் துறந்தவருமல்லேம். வைணவராய்ப் பிறந்து 1858 இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, பனியனின் நூலைத் தழுவி 1894 இல் வெளியிட்ட பெருங்காப்பியத்திற்கு 'இரட்சணிய யாத்திரிகம்' என்றே பெயர். கால்நடையாகத் திருத்தலம் செல்லாத சபை, தன் தலைசிறந்த தமிழ்க் காப்பியத்தில் தன்னை யாத்திரிகனாகவே பாடிக்கொண்டது. ஆதித் திருச்சபையாரும் 'மார்க்கத்தார்', அஃதாவது வழியினர், என்றே அப்போஸ்தலர் நடபடிகளில் அழைக்கப்பெறுகின்றனர். ஆறு என்னும் சொல்லை இத்துணைப் பொருளோடு ஆண்ட மொழியைப் பேசும் நமக்கு அப்பெயர் மிகப் பொருத்தமுடையது.

வீடு மீண்டபொழுது தந்தையார் வினாவை மீண்டும் எழுப்புவார் என்று எதிர்பார்த்தோம். அவர் எம் காலைப் பார்த்தார். உள்ளே சென்று, உப்பிட்ட வெந்நீர்ப் பாத்திரம் கொண்டுவந்து எம்முன் வைத்து, தாமே எம் கால்களை எடுத்து அதனுள் விட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

மாணவத் தோழர்காள்! நம் கல்லூரி 1937 இல் சென்னைப் பட்டணத்தை விட்டுத் தாம்பரத்துக் காட்டிற்கு வந்தது. அக்காட்டு வழிகளில் நாம் நாள்தோறும் வகுப்பிற்கு நடக்கின்றோம். நெடுந்தொலைவு நடக்க எல்லோருக்கும் வாய்க்காது, வேண்டுவதும் இல்லை. ஆயின் நடக்க மாட்டாத ஒருவர் நம் தெருவிலும் இருப்பர். அவர் கொண்டு சேர்க்க வேண்டிய பொருள் ஒன்றும் இருக்கும். அதனை வாங்கித் தோளில் வைத்து ஒரு கல் தொலைவேனும் நடந்து பாருங்கள். வழியில் சோறிடுவாரும், வாழைப்பட்டை தருவாரும், குளிர்ந்த தரை காட்டுவாரும் இந்நாட்டில் இன்னும் உளர். வழியாக வந்த பெருமான் நம் அனைவர் நடையையும் காத்தருள்வாராக.